வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த உணவுக் கணக்கு: 'பரவாயில்லை' என்று வரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

நாற்றங்கால்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஒரு சின்ன தன்னார்வக் குழு. வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆன சில கிராமங்களில் வீடு வீடாகப் போய் உணவு நிலையைக் கணக்கெடுத்தோம். உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வு மதிப்பெண்தான் எங்கள் முதன்மைக் கேள்வி. களத்தில் எல்லோரும் எஃப்சிஎஸ் என்று சொல்வது அதைத்தான். கடந்த 7 நாளில் எந்த உணவு வகையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது.

கூட்டிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகள் 'ஏற்கத்தக்க நிலை' என்று வருகின்றன. ஆனால் நாங்கள் கண்ணால் பார்த்தது வேறு. வயலில் முழங்கால் அளவு மணல். வேலைக்குப் போக இடமில்லாமல் ஆட்கள் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டகைகளில் மாடு இல்லை. இந்தத் தாளை அப்படியே மேலே கொடுத்தால் 'இந்த ஊர்களுக்கு உதவி தேவையில்லை' என்று யாராவது முடிவு எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கணக்கில் நாங்கள் தப்பு செய்துவிட்டோமா, இல்லை கேட்ட கேள்வியே போதவில்லையா?

எண்ணும்எழுத்தும்

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். ஒவ்வொரு உணவு வகைக்கும் ஓர் எடை, அதாவது பெருக்கும் எண் உண்டு. தானியம், கிழங்குக்கு 2. பருப்புக்கு 3. காய்க்கு 1, பழத்துக்கு 1. இறைச்சி, மீன், முட்டை சேர்த்து 4. பாலுக்கு 4. எண்ணெய், சர்க்கரை இரண்டுக்கும் தலா 0.5. மசாலாப் பொருள்களுக்கு எதுவும் கிடையாது. நாள் எண்ணிக்கையை எடையால் பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 112 வரும்.

இப்போது வெட்டுப்புள்ளி. பொதுவாக 21 வரை 'மோசம்', 35 வரை 'விளிம்பு', அதற்கு மேல் 'ஏற்கத்தக்கது'. ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் ஏறக்குறைய தினமும் புழங்கும் ஊர்களில் 28, 42 என்ற உயர்ந்த அளவைத்தான் வைக்க வேண்டும். காரணம் எளிது. அந்த இரண்டும் தினமும் இருந்தாலே 7 புள்ளி சும்மா ஏறிவிடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் 7 நாள், பருப்பு 4 நாள், காய் 3 நாள், எண்ணெய் 7, சர்க்கரை 7. மொத்தம் 36. பொது வெட்டுப்புள்ளியில் இது ஏற்கத்தக்கது; உயர்ந்த வெட்டுப்புள்ளியில் விளிம்பு. ஒரே வீடு, ஒரே பதில்! நீங்கள் எதை வைத்தீர்கள்?

நாற்றங்கால்

21, 35தான் வைத்தோம். படிவத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே எண்ணெய், சர்க்கரை தினமும் உண்டு. மாற்றிப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வீடுகள் விளிம்புக்கு இறங்கின. ஆனாலும் பாதிக்கு மேல் 'ஏற்கத்தக்கது' என்றே நிற்கிறது.

கரைமேடு

தம்பி, நீங்கள் போன அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம்? நிவாரணப் பொருள் வந்துகொண்டிருந்த வாரமா?

பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். வெள்ளம் முடிந்த மூன்றாவது வாரம் ஏமாற்றுகிற வாரம். பொதுச் சமையல் இன்னும் நடக்கும். யாராவது மூட்டை கொண்டுவந்து இறக்குவார்கள். சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து எதையாவது அனுப்புவார்கள். தேங்கிய நீரில் மீன் கூடச் சிக்கும், அந்த ஒன்றுக்கே எடை 4. ஆக, அந்த 7 நாளுக்கு மதிப்பெண் உயர்ந்துதான் இருக்கும். அது பொய் இல்லை. மக்கள் சாப்பிட்டது உண்மை. ஆனால் அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பது அந்த எண்ணில் இல்லை.

முழுப் படிவத்தில் ஒவ்வொரு உணவு வகைக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: எங்கிருந்து கிடைத்தது. சொந்த விளைச்சலா, காசு கொடுத்து வாங்கியதா, கடனுக்கு வாங்கியதா, யாராவது கொடுத்ததா, நிவாரணமா. நேரம் இல்லை என்று முதலில் வெட்டப்படுவது அந்தக் கட்டம்தான். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு, ஏனென்றால் வெள்ளம் பட்ட ஊரில் மதிப்பெண்ணை விட அந்தக் கட்டம் அதிகம் பேசும். இரண்டு வீட்டுக்கும் 45 என்று வரும். ஒரு வீட்டில் பரணில் மிச்சம் இருந்த தானியம். இன்னொரு வீட்டில் முழுக்கக் கடன், அதுவும் அடுத்த அறுவடையைக் காட்டி வாங்கியது. இரண்டும் ஒரே நிலையா?

உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்ததா?

நாற்றங்கால்

இல்லை அக்கா. வெட்டிவிட்டோம். ஒரு வீட்டுக்கு 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று.

நிவாரணமும் உண்மைதான். நாங்கள் போன வாரம் இரண்டு ஊர்களில் பொதுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மற்ற ஊர்களில் அதற்கு முந்தைய வாரம் பொருள் கொடுத்து முடித்திருந்தார்கள்.

ஈரநிலம்

நான் இந்த மாதிரி வேலையில் இருப்பவன் இல்லை. கேள்விக்குப் பதில் சொன்ன பக்கத்தில் இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை இப்படி வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அதோடு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் குறைவாகச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் கேட்காதது இது. நாங்கள் குத்தகை விவசாயிகள். நிலம் எங்கள் பேரில் இல்லை. பயிர் போனதற்கான இழப்பீட்டுப் பட்டியல் நில ஆவணத்தை வைத்துத்தான் போட்டார்கள், அதில் எங்கள் பேர் வரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் எங்கள் பேரில். சாப்பாட்டுக்குக் கடை வியாபாரியிடம் வாங்கினோம். காசாக வேண்டாம், அடுத்த விளைச்சலை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். விலையை அன்றைக்கே அவர் வைத்துவிட்டார். அடுத்த பருவம் நன்றாக விளைந்தது. ஆனால் களத்திலிருந்தே மூட்டை போய்விட்டது. எங்கள் வீட்டில் பசி தெரிந்தது வெள்ளம் வந்த வருடத்தில் இல்லை, அதற்கு அடுத்த வருடத்தில். அப்போது யாரும் கணக்கெடுக்க வரவில்லை.

கரைமேடு

ஈரநிலம், எழுதியதற்கு நன்றி. நான் சுற்றி வளைத்துச் சொன்னதை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள்.

மாட்டுவண்டி

கால்நடைப் பக்கம் வேலை செய்பவன் நான். நாற்றங்கால் 'கொட்டகைகளில் மாடு இல்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதில் நிற்க வேண்டும். அவை செத்துப்போனவையா, விற்கப்பட்டவையா?

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மாடு எல்லோருடைய பட்டியலிலும் வரும். வெள்ளத்துக்குப் பிறகு விற்கப்பட்டது எந்தப் பட்டியலிலும் வராது. வைக்கோல் நனைந்து அழுகிவிடும், மேய்ச்சல் நிலம் சேற்றில் கிடக்கும், தொண்டை அடைப்பான் மாதிரி நோய் வரும். தீவனம் இல்லாமல் கண் முன்னால் இளைப்பதைப் பார்த்துவிட்டு விற்றுவிடுவார்கள். ஊரே ஒரே வாரத்தில் விற்றால் மாட்டு விலை விழும். அதே வாரத்தில் தானிய விலை ஏறியிருக்கும். அதனால் சந்தையில் நான் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பேன்: ஒரு ஆட்டை விற்றால் இன்றைக்கு எத்தனை கிலோ தானியம் கிடைக்கும், போன வருடம் இதே மாதம் எத்தனை கிடைத்தது? இந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும்.

விற்றது கிடாவா, காளைக்கன்றா, ஈனும் பசுவா என்றும் கேளுங்கள். கிடாவை விற்பது வழக்கமான வரவு. கடைசிப் பெண் கால்நடையை விற்றால் அந்த வீடு திரும்பி எழ வருடங்கள் ஆகும். கோழியையும் விடாதீர்கள். பல வீடுகளில் அது பெண்களின் கைக்காசு. 'பெரிய இழப்பு என்ன' என்று கேட்டால் யாரும் அதைச் சொல்வதில்லை.

எண்ணும்எழுத்தும்

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எஃப்சிஎஸ்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே மாதிரிக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்பதால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடிகிறது. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பினால், சத்தமாக அழுத ஊருக்கு உதவி போகும், அமைதியாக இருந்த ஊர் விடுபடும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கூடவே வேறு இரண்டைச் சேருங்கள். ஒன்று, ஆர்சிஎஸ்ஐ, அதாவது உணவுத் தட்டுப்பாட்டை வீடு எப்படிச் சமாளிக்கிறது என்று அளக்கும் சுருக்கக் குறியீடு. அதுவும் 7 நாள் கேள்விதான். மலிவான, பிடிக்காத உணவுக்கு மாறியது (எடை 1), உணவைக் கடன் வாங்கியது (2), அளவைக் குறைத்தது (1), குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டது (3), வேளையைக் குறைத்தது (1). அதிகபட்சம் 56. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் நிலைமை நெருக்கடி என்று ஐபிசி வகைப்பாட்டில் (உணவுப் பற்றாக்குறையைப் படிநிலைகளாகப் பிரிக்கும் பன்னாட்டு முறை) எடுத்துக்கொள்வார்கள். சாப்பிட்டேன் என்று சொல்லும் அம்மா, தன் பங்கைக் குறைத்தாரா என்பது இதில்தான் தெரியும்.

இரண்டாவது, வாழ்வாதாரச் சமாளிப்புக் கேள்விகள். இது கடந்த 30 நாளுக்கு. சேமிப்பைக் கரைப்பது, வீட்டுச் சாமான் விற்பது முதல் படி. உழவுக் கருவியை விற்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, மருத்துவச் செலவை வெட்டுவது இரண்டாம் படி. நிலத்தை விற்பது, பிச்சை எடுப்பது, கடைசிப் பெண் கால்நடையை விற்பது மூன்றாம் படி.

இங்கே புதியவர்கள் தவறாமல் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'மாட்டை விற்றீர்களா?' என்றால் 'இல்லை' என்பார்கள். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடக் கூடாது. ஏன் இல்லை? தேவைப்படவில்லையா, ஏற்கெனவே விற்றுத் தீர்ந்து இனி விற்க ஒன்றும் இல்லையா? இரண்டாவது பதில் வந்தால் அதை 'ஆம்' என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் எழுதினால், எல்லாம் இழந்த வீடும் வசதியான வீடும் ஒரே கட்டத்தில் போய் உட்காரும்.

சந்தைமேடு

சந்தை நிலவரத்தைக் கவனிப்பது என் வேலை. ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன், இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும்.

1974இல் வங்கதேசத்தில் பெரிய வெள்ளம், தொடர்ந்து பஞ்சம். பொருளியலாளர் அமர்த்தியா சென் அந்தக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார். 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளில் தலைக்குக் கிடைத்த தானியம் 1974இல்தான் அதிகம்! நாட்டில் தானியம் இருந்தது. வெள்ளத்தால் வயல் வேலை நின்றது, கூலி போனது, விலை ஏறியது. கூலியாட்களிடம் அதை வாங்கக் காசு இல்லை. செத்தவர்களில் பெரும்பகுதி நிலமற்றவர்களும் சிறு விவசாயிகளும்.

அதனால் 'கடையில் சரக்கு இருக்கிறதா' என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ வாங்கலாம், வாரத்தில் எத்தனை நாள் வேலை, வேலை எப்போது மறுபடி ஆரம்பிக்கும் என்று கேளுங்கள். கடைக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். கிட்டங்கியில் இருந்தது நனைந்ததா, மொத்த வியாபாரி அவருக்கு இன்னும் கடன் கொடுக்கிறாரா, வண்டி வருகிற பாதை திறந்ததா என்று. கடை ஓடினால் காசாகக் கொடுக்கலாம். கடையே முடங்கிக் கிடக்கும்போது காசு கொடுத்தால் விலைதான் ஏறும்.

நாற்றங்கால்

படிக்கப் படிக்க எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று தெரிகிறது. மறுபடி போவதாக முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்வி. எத்தனை வீடு போதும்? எந்த வீட்டுக்குப் போவது? போன முறை ஊர்த்தலைவர் கூட வந்து வீடுகளைக் காட்டினார்.

எண்ணும்எழுத்தும்

ஒட்டுமொத்தப் பகுதிக்கு 10 சதவீதப் பிழை வரம்பு போதும் என்றால், 95 சதவீத நம்பிக்கைக்கு எளிய தேர்வில் 96 வீடு. நீங்கள் ஊர் ஊராகத் தொகுத்து எடுப்பதால் அதை இரண்டால் பெருக்கி 192 வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் உபரியும் சேர்த்து. ஊர்களை மக்கள்தொகைக்கு ஏற்றபடி சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஊருக்குள் வீட்டையும் அப்படியே, பட்டியலிலிருந்து. தலைவர் காட்டும் வீடு வேண்டாம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த அளவில் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரைமேடு

பட்டியல் பழசாக இருக்கும், அதைக் கவனியுங்கள். ஊரை விட்டுப் போனவர்கள், கரை மேல் குடிசை போட்டிருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தனியாகத் தேடுங்கள். சாலையோரத்து ஊருக்கே எல்லோரும் போய்ப் பார்க்கும் பழக்கத்தை ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே எச்சரித்தார். வெள்ள நேரத்தில் அது இன்னும் மோசம், ஏனென்றால் வண்டி போகாத ஊரில்தான் நிவாரணமும் போயிருக்காது. ஒரு நாளை நடந்து போவதற்கென்றே ஒதுக்குங்கள்.

பெண்களிடம் பெண்கள் பேசட்டும், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது. யார் கடைசியில் சாப்பிட்டார் என்ற கேள்விக்குச் சபையில் பதில் வராது.

வீட்டுக் கேள்வி போக, ஊருக்கு ஒரு கூட்டம் போடுங்கள். பெரிய விவசாயி, குத்தகைக்காரர், கூலியாள், மீனவர் எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம், தனித்தனியாக. தரையில் பன்னிரண்டு மாதத்தையும் கோடு போட்டு வரையச் சொல்லுங்கள். எப்போது விதைப்பு, எப்போது கூலி வேலை கிடைக்கும், எப்போது அறுவடை, எந்த மாதத்தில் வழக்கமாகவே கையிருப்பு தீரும், எப்போது கடன் கட்ட வேண்டும். பிறகு வெள்ளம் எந்த இடத்தில் வெட்டியது என்று ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லுக்கும் அடுத்த வரவுக்கும் நடுவே எத்தனை மாதம் என்பதுதான் எனக்கு எல்லா மதிப்பெண்ணையும் விட முக்கியம். நாற்று வயதில் வந்த வெள்ளம் என்றால் மறுபடி விதைக்க வழி இருக்கும். கதிர் முற்றும்போது வந்தது என்றால் ஒரு வருடம் போச்சு.

அடுப்படி

கிராமச் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். சுருக்கமாக ஒன்று. உணவு வீட்டுக்குள் வந்துவிட்டால் உடம்பில் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குடிநீர் கெட்டிருந்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது எதுவும் ஒட்டாது. விறகு நனைந்திருக்கும், பாத்திரம் போயிருக்கும். நனைந்த தானியத்தைக் காயவைத்துச் சாப்பிடுகிறார்களா, அதில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று வாங்கிப் பாருங்கள்.

பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவை அளங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, 11.5க்கும் 12.5க்கும் இடையே மிதமானது. இரண்டு காலிலும் வீக்கம் இருந்தால் நாடா என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனை. அளந்துவிட்டு எழுதிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். எங்கே அனுப்புவது என்பதை முதலிலேயே பேசி வைத்துவிட்டு அளங்கள்.

ஈரநிலம்

ஒரு வேண்டுகோள். 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்டால் எதைத் தருவீர்களோ அதையே மக்கள் சொல்வார்கள். தார்ப்பாய் கொண்டுவந்த ஆளிடம் தார்ப்பாய் என்பார்கள். அதற்குப் பதில் 'அடுத்த விதைப்புக்கு உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை' என்று கேளுங்கள். விதை இருக்கும், மணலை அள்ள ஆள் இருக்காது. ஆள் இருக்கும், கருவி அடகில் இருக்கும். வீட்டுக்கு வீடு வேறு.

தரப்போவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கெடுக்க மட்டும்தான் வந்தோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம்.

நாற்றங்கால்

ஐந்து வாரம் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன். போய் வந்துவிட்டோம், 200 வீடு. நிவாரணம் முடிந்து போதிய நாள் விட்டுத்தான் போனோம். ஈரநிலம் சொன்னபடி ஒவ்வொரு வாசலிலும் முதல் வாக்கியம், 'எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, கேட்டு எழுத வந்திருக்கிறோம்' என்பதுதான். ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

எஃப்சிஎஸ் முன்பை விட இறங்கியிருக்கிறது. ஆனால் என்னைத் தூங்க விடாதது அது இல்லை, 'எங்கிருந்து' கட்டம். ஏற்கத்தக்க நிலையில் இருக்கும் வீடுகளிலேயே கடனுக்கு வாங்கியது என்று வரிசையாக வருகிறது. கால்நடைக் கேள்விக்கு 'விற்கவில்லை' என்றவர்களிடம் ஏன் என்று கேட்டபோது ஒரு பாட்டி கொட்டகையைக் காட்டினார். கட்டுத்தறி மட்டும் இருந்தது. முதல் சுற்றில் அந்த வீட்டை 'நெருக்கடி இல்லை' என்று என் கையால்தான் எழுதியிருக்கிறேன்.

கூலியாட்கள் கூட்டத்தில் கல் வைத்த இடத்திலிருந்து அடுத்த வேலை வரை ஏழு மாதம். நிலம் உள்ளவர்கள் கூட்டத்தில் நான்கு மாதம், அதுவும் மணல் எடுத்தால்.

அறிக்கையை மாற்றிவிட்டோம். முதல் பக்கத்தில் மதிப்பெண் இல்லை. விதைப்புக்கான கடைசித் தேதி, அதற்குள் மணல் அகற்ற வேண்டிய நிலத்தின் அளவு, குத்தகைக்காரர்கள் எத்தனை வீடு, கருவி அடகில் இருப்பவர்கள் எத்தனை வீடு. மதிப்பெண்கள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில். மணல் அள்ளும் வேலையைக் கூலியாட்களுக்கே கொடுத்தால் ஏழு மாத இடைவெளியில் கொஞ்சம் அடையும் என்று எழுதியிருக்கிறோம். சரியா என்று சொல்லுங்கள், நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

எண்ணும்எழுத்தும்

சரிதான். முதல் சுற்றின் முடிவையும் எந்த வாரத்தில் எடுத்தது என்ற குறிப்போடு உள்ளே வையுங்கள், நீக்க வேண்டாம். ஏன் மாறியது என்று கேட்பார்கள்.

ஈரநிலம்

தேதியை முதல் பக்கத்தில் போட்டது நல்லது. குத்தகைக்காரர் பட்டியலை ஊர்க் கூட்டத்தில் ஒரு முறை வாசித்துவிட்டுக் கொடுங்கள். விடுபட்டவர்கள் அங்கேயே எழுந்து சொல்லிவிடுவார்கள். கடன் விவரத்தை மட்டும் சபையில் வாசிக்காதீர்கள், கடன் கொடுத்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.